ஒரு விரல் உதவி

"இவளுக்கு நெஞ்சில ஈரமே கிடையாதா?" என்றார் லாக்லன்.

புதுச் செயலியின் பொறுப்பாளர் அவர். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பிஸ்கட் தின்றுகொண்டு இரக்கப்படுவது சுலபம்.

அந்தப் பக்கம் தெல்மா செல்போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பர்னி என்ற ஊரில் தனியாக வசிக்கும் வயதானவர். சிறுநீரகம் பழுது, வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வேனை இதுவரை போனில்தான் கூப்பிட்டுவந்தார். அதையே செயலியில் செய்ய முடிகிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை.

சோதனையை நடத்தும் ப்ரான்வின் எதிரே கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

"எங்க அமுக்கணும், கண்ணு?"

"நான் பக்கத்துல இல்லேன்னா என்ன செய்வீங்களோ, அதையே செய்ங்க."

"நீ இல்லேன்னா உக்காந்து அழுவேன்." சிரிக்கப் பார்த்தார் தெல்மா. எதையோ தொட்டு, மறுபடி முதல் பக்கத்துக்கே போய்விட்டது. "நான் சுத்த மக்கு."

கண் நிறைந்துவிட்டது. ப்ரான்வின் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

லாக்லனுக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"லாக்லன், வேணாம்," என்று எழுந்தாள் ப்ரான்வின்.

"சும்மா இரு. நீயெல்லாம் ஒரு மனுஷியா?" குனிந்து, மூலையிலிருந்த பொத்தானை விரலால் காட்டினார். "இதோ, இதைத்தான்மா."

தெல்மா அழுத்தினார். வேன் பதிவானது.

"நல்லா இருக்கணும்ப்பா," என்று தெல்மா லாக்லனின் கையைப் பிடித்துக்கொண்டார். ப்ரான்வினை ஒரு பார்வை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், பாவம்.

தெல்மா தன் குளிர்கோட்டை எடுக்க வாசல் பக்கம் போனதும், லாக்லன் சோதனைக்கு வந்தவர்களின் பெயர் எழுதிய பலகையில் கடைசிப் பெயருக்கு நேரே டிக் போட்டார்.

"பொத்தானைக் காட்டினது நீங்களாச்சே?" என்றாள் ப்ரான்வின்.

"அழுத்தினது அவங்கதானே? வந்த அஞ்சு பேரும் தேறியாச்சு. திங்கட்கிழமையோட போன் சேவையை மூடிடலாம்."

"ஒருத்தரால தனியா செய்ய முடியலைன்னாலும் போன் சேவையை மூட முடியாது, லாக்லன். அதுக்காகத்தான் நான் வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

லாக்லன் பேனாவை மூடி வைத்தார். டிக்கை அழிக்கவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு வந்த தெல்மா, வாசலில் நின்று அவரைப் பார்த்துக் கையசைத்தார்.

"நீ கவலைப்படாதேப்பா. வீட்டுக்குப் போய் மறந்துட்டேன்னா, வேனுக்குப் போன் பண்ணா எடுக்கற அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுக்கறேன்."