காதுகுத்துக்குப் போனவள்

ஐம்பத்தாறாவது வயதில் மூக்கம்மாள் வீட்டை விட்டு ஓடிப்போனாள்.

ஓடினாள் என்பது பேச்சுக்குத்தான். பள்ளிவாசல் எஸ்டேட்டில் காலமெல்லாம் கொழுந்து கிள்ளி, முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவள் எங்கே ஓடுவாள்? பஸ்ஸில்தான் போனாள். அடிமாலி வளைவுகளில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டே வந்தார் பெரியமுத்து.

பெரியமுத்து தேயிலை ஃபேக்டரியில் வாட்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்சாதியைப் பறிகொடுத்தவர். மூக்கம்மாளும் தாலியறுத்து வெகுகாலம் ஆகிறது. இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய எஸ்டேட் லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருவார்கள். அங்கே வைத்து இதைச் செய்ய முடியுமா? "பேரன் எடுக்கிற வயசுல இவளுக்கு மாப்பிள்ளை கேக்குதாக்கும்!" என்று வாயில் போட்டு மென்றுவிடுவார்களே. அதனால்தான் போடிநாயக்கனூரில் ஒரு காதுகுத்து என்று மகனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

விடிய விடிய பஸ் மாறி, இதோ கடலோரப் பாறைமேட்டுக்கு வந்தாயிற்று. மேட்டின் உச்சியில் ஒரு சிலை. காலை நீட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெரிய கல் பெண். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவரும் ஜோடிகள் இதன் முன்னால் மாலை மாற்றிப் போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சுற்றிலும் நின்றதெல்லாம் இளவட்டங்கள். வயசான இந்த ஜோடியைப் பார்த்து இரண்டு பெண்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பயமா இருக்கா?" என்றார் பெரியமுத்து.

"ஊருக்கு என்ன, வாய் வலிச்சா ஓஞ்சிரும். என் மவன் இனிமே அம்மான்னு கூப்பிடாம போயிட்டா? அதத்தான் என்னால தாங்க முடியாது."

அவள் கையில் இருந்த போன் நேற்றிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. எல்லாம் மகன் சுடலைமணிதான். ஒரு தடவைகூட அவள் எடுக்கவில்லை. என்ன என்று சொல்லுவாள்?

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் சுடலைமணி மாரீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்து, இதே சிலைக்கு முன்னால்தான் தாலி கட்டினான். "நீ மட்டுமாவது வாம்மா" என்று போனில் கெஞ்சினான். இவளோ மண்ணை வாரித் தூற்றினாள். என் சாவுக்குக்கூட வராதே என்றாள்.

பிறகு எல்லாம் சரியாகி, இப்போது ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். மாமியாரின் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதுகூட அந்த மாரீஸ்வரிதான். ஆனால் அந்தக் கல்யாணப் பேச்சை மட்டும் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

"தாலி கட்ட வேற எடமே கெடைக்கலையா உனக்கு?" என்று கேட்டார் பெரியமுத்து.

"இங்க கட்டுனதுக நல்லாத்தான இருக்குதுக. நான் அந்த வசவு வஞ்சும் நல்லாத்தான இருக்குதுக."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, ராகுகாலம் வருது. கழுத்தக் காட்டு."

மஞ்சள் கயிற்றை எடுத்தார். மூக்கம்மாள் தலையைக் குனிந்தாள்.

"நில்லுங்க! கட்டாதீங்க!"

பாறைப் படிகளில் தாவித் தாவி ஏறி வந்தான் சுடலைமணி. கசங்கின சட்டை, தூக்கமில்லாத கண். பெரியமுத்துவின் கை அப்படியே நின்றுவிட்டது. இளவட்டங்கள் செல்போனை இந்தப் பக்கம் திருப்பின.

"போடிக்குப் போறவ எதுக்கும்மா அடிமாலி பஸ்ஸுல ஏறுன?" என்று கத்தினான். "அது இங்கிட்டு, இது அங்கிட்டு! லயமே பாத்துருக்கு!"

மூக்கம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இங்கதான் இருப்பேன்னு யாருடா சொன்னா?"

"அந்தச் செல எந்த ஊர்ல இருக்குன்னு போன வாரம் மாரிகிட்டக் கேட்டியாமே. மூணு வருஷமா வாயே தொறக்காதவ திடீர்னு ஏன் கேக்குற? யோசிக்க மாட்டமா?"

அவன் பெரியமுத்துவைப் பார்த்து ஒரு எட்டு வைத்தான். மூக்கம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

"அவர ஒண்ணும் சொல்லாதடா. நான்தான் கூட்டிட்டு வந்தேன். வையணும்னா என்னைய வையி. வீட்டுப் படி ஏறாதன்னு சொல்லு, ஏறல. இத மட்டும் தடுக்காத."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சுடலைமணி படியைத் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஏ மாரி, வெரசா வா! கட்டிறப் போறாரு!"

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தாள் மாரீஸ்வரி. நேராக மாமியாரின் பின்னால் போய் நின்றாள். கொண்டையை மேலே தூக்கிப் பிடித்தாள்.

"இப்பக் கட்டுங்க மாமா. மொத முடிச்சு நீங்க. மத்த ரெண்டும் நான்."

"அது நாத்தனாரு போடுற முடிச்சுடி" என்றாள் மூக்கம்மாள், ஒன்றும் புரியாமல்.

"தெரியும் அத்த. எங்களுக்கு அதப் போட வீட்டாளு ஒருத்தரும் வரல. மூணையும் இவரேதான் போட்டாரு." முந்தானையால் மாமியாரின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அந்தக் கொறை உங்களுக்கும் வந்துரக் கூடாதுன்னுதான் ராத்திரி பூரா ஜீப்ப வெரட்டிக்கிட்டு வாறோம்."