சுவரில் ஒரு சிவப்புக் கோடு

சோப்புக் கம்பெனிக் கிடங்கின் சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அதற்கு மேல் மூட்டை அடுக்கக் கூடாது.

ஒருநாள் ஒரு சோடா மூட்டை அதையும் தாண்டி ஏறி உட்கார்ந்தது.

"இறங்குப்பா, சரிஞ்சிடும்" என்றது கோடு.

"நானா ஏறினேன்? மேனேஜர் ஏத்தச் சொன்னார். லோடு வந்துக்கிட்டே இருக்கு" என்றது மூட்டை.

அடுத்தடுத்து மூட்டைகள் ஏறின. கோடு முழுசாக மறைந்துபோனது. பின்னாலிருந்து அது கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அடுக்கு சரிந்தது. கீழே நின்ற சுமைதூக்கி இருளப்பன் நசுங்கி இறந்துபோனார்.

மூட்டைகளை அகற்றியதும் கோடு பளிச்சென்று தெரிந்தது. விசாரிக்க வந்த அதிகாரிக்கு மேனேஜர் அதைத்தான் கைகாட்டினார்.

"கோடு போட்டுத்தான் வச்சிருக்கோம் சார். அவன்தான் பார்க்கலை."