சிக்னலை மறைத்த மரம்

"மரத்தை வெட்டிடுங்கண்ணே. வேற வழி இல்ல."

திருஞானசம்பந்தம் இதைச் சொன்னது மதில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று. அந்தப் பக்கம் நின்றவர் யேசுதாஸ், பஸ் டெப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்து வீடு. சுவரை ஒட்டி, யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தது அவருடைய முருங்கை மரம்.

விஷயம் இதுதான். ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து சம்பந்தம் வீட்டு டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அப்புறம் 'சிக்னல் இல்லை' என்று நீலத் திரை. சம்பந்தத்துக்குத் தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் டிவி ஓடியாக வேண்டும். டிவி ஓடாவிட்டால் கை ஓடாது. ஐப்பசி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய பட்டுப்புடவை பாதியில் நிற்கிறது.

தறி, தறியில் ஓடும் நாடா, பைக், மிக்சி என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்ட வீட்டுக்கா இந்தக் கதி என்று அவருக்கு மனசே ஆறவில்லை.

கம்பெனிக்குப் போன் செய்தால், ஆள் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை சும்மா இருக்கிற ஆளா அவர்? தெருவில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தன் வீட்டு மாடியில் இருந்த டிஷ்ஷையும் முருங்கை மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தீர்ப்பு எழுதிவிட்டார்.

யேசுதாஸ் நிமிர்ந்து டிஷ்ஷைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சம்பந்தத்தின் நெற்றியில் பட்டையாக இருந்த விபூதியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"சரிப்பா, வெட்டிடறேன்" என்றார்.

மறுநாள் காலையில் மரம் இடுப்பளவுக்கு நின்றது. யேசுதாஸின் மனைவி உயிரோடு இருந்தபோது கிளை ஒடித்து நட்ட போத்து அது. வாரம் தவறாமல் சுவர் தாண்டி சம்பந்தம் வீட்டுக்கும் கீரை வரும். சம்பந்தத்தின் மனைவி புவனேஸ்வரிக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையே அந்த மனுஷன் என்று புலம்பினாள்.

"எப்படிப் பேசுவாரு? தப்பு அவரு பக்கம் இருக்குது. அதான் கம்முனு வெட்டிட்டாரு" என்றார் சம்பந்தம்.

மரம் போயிற்று. சிக்னல் வரவில்லை. அடுத்ததாக எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அவர் ஒரு கண்ணை மூடிப் பார்க்க ஆரம்பித்தபோது, நல்லவேளை, கம்பெனி மெக்கானிக் மாணிக்கவேல் வந்து சேர்ந்தார்.

மாடி ஏறியவர் ஐந்தே நிமிஷத்தில் இறங்கி வந்தார். கையில் ஈரத் துணி. அதில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ ஒட்டியிருந்தது.

"டிஷ்ஷுக்கு முன்னாடி மூக்கு மாதிரி நீட்டிக்கினு இருக்குதே, அதான் சார் சிக்னலை வாங்குது. அது மூஞ்சி மேல யாரோ விரல் கனத்துக்குச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வேற வச்சிருக்காங்க. கவுந்து இருக்கிறதால மழைகூடக் கழுவல."

சம்பந்தம் மதில் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப, அந்த மரம்?"

"டிஷ்ஷு வானத்தைப் பாத்துக்கினு இருக்குது சார். பக்கத்து வீட்டு மரம் அதை என்ன பண்ணும்?"

அந்த 'யாரோ' வேறு யாருமில்லை. டிவிக்குப் பொட்டு வைத்துவிட்டு, அந்த டிவிக்கே படியளக்கிற டிஷ்ஷை விடலாமா என்று மாடிக்குப் போய்த் தாராளமாகச் சாத்திவிட்டு வந்தவர் சம்பந்தமேதான்.

டிவி பளிச்சென்று வந்தது. பார்க்கத்தான் யாருக்கும் மனசில்லை.

"நீங்க மாடியில சூடம் காட்டும்போது யேசுதாஸ் அண்ணன் அவங்க மாடியிலேருந்து பாத்துக்கினுதான் இருந்தாரு" என்றாள் புவனேஸ்வரி மெதுவாக.

வெட்கம் வர வேண்டிய நேரத்தில் சம்பந்தத்துக்குக் கோபம் வந்தது. கரண்ட் வேலை பார்த்த மனுஷன், அவருக்கா இது தெரியாது? வேண்டுமென்றே மரத்தை வெட்டி, என்னை ஊர் முன்னால் கெட்டவனாக்கிவிட்டாரே என்று விறுவிறுவென்று சுவரோரம் போனார்.

யேசுதாஸ், வெட்டிய மரத்தின் தலை காய்ந்து போகாமலிருக்கச் சாணியை அப்பிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும் இல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தொடச்சிருப்பேனே. எதுக்குண்ணே மரத்தை வெட்டினீங்க?"

"முருங்கைதானப்பா. ரெண்டு மழை பேஞ்சா துளுத்துக்கும்" என்ற யேசுதாஸ், கையிலிருந்த சாணியைப் புல்லில் துடைத்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"யேசுதாஸ்னு பேர வச்சிக்கினு, நீ கும்பிட்டு வச்ச சந்தனத்தைத் தொடச்சிடுன்னு நான் எப்படிப்பா சொல்றது?"