ஆலப்பாக்கம் தாண்டி நிற்கும் பஸ்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ் ஆலப்பாக்கம் தாண்டி அசையாமல் நிற்கிறது. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் சாலைக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடக்கிறதாம். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார். பின்னால் ஒரு லாரிக்காரன் மட்டும் விடாமல் ஹாரன் அடிக்கிறான். யாரை விரட்டுகிறான் என்று அவனுக்கே தெரியாது. வெயில், ஜன்னல் கம்பிகளின் நிழலை அஃப்சலின் மடியில் வரிவரியாகப் போடுகிறது. மடியில் பிளாஸ்டிக் கவர். அதற்குள் காலாவதியாகப் போகும் பாஸ்போர்ட்டும், புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட புது போட்டோக்களும். "பாஸ்போர்ட் ஆபீஸ்ல ஒரு மணிக்கு மேல வாங்க மாட்டாங்க. இன்னிக்கி உட்டா பொங்கல் லீவு முடிஞ்சிதான். அப்பறம் எப்ப புதுசு வந்து, நான் எப்ப துபாய்க்கு ஃபிளைட் ஏறுறது?" கல்யாணமான மூன்றாம் மாதம் போனவன், இப்போதுதான் முதல் லீவில் வந்திருக்கிறான். பக்கத்தில் அவன் மனைவி அல்மாஸ் முக்காட்டு நுனியால் அவன் கழுத்து வியர்வையை ஒற்றி எடுக்கிறாள். அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன. "நல்லா ஓது. சீக்கிரம் வழி உடட்டும்." "ஓதிக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான்." இறங்கிப் போயிருந்த கண்டக்டர் ஒரு கரும்புத் துண்டைக் கடித்தபடி திரும்பி வருகிறார். "டிராக்டர நிமுத்திட்டாங்க, ஏறுங்க, ஏறுங்க!" இன்ஜின் இருமுகிறது. பஸ் ஒரு குலுங்கு குலுங்கி நகர்கிறது. அஃப்சல் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறான். "பாத்தியா, நீ ஓதுனது கபூலாயிடுச்சி, அல்லா கேட்டுட்டான்." ஒரு மணி தாண்டட்டும் என்று ஓதிக்கொண்டிருந்த அல்மாஸின் உதடுகள் நின்றுவிடுகின்றன.