படத்தில் விழாத இழை

திரையில் அந்த இடம் காலியாக இருந்தது.

பர்வீன் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூளையில் இருந்த கட்டியைச் சுற்றிப் பச்சை இழைகள் வளைந்து போயின. பேச்சைச் சுமக்கும் நரம்புப் பாதை. மூளைக்குள் எது எதோடு இணைகிறது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலிருந்து அவள் வரைந்து கொடுத்த படம். கட்டிக்குப் பின்னால் மட்டும் ஓர் இழைகூட இல்லை.

ஆபரேஷன் மேஜையில் மரியதாஸ் விழித்தபடி படுத்திருந்தார். தூத்துக்குடியில் மீன் ஏலம் கூறுகிறவர். மண்டை திறந்திருந்தது. மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை. நர்ஸ் காட்டும் படங்களுக்கு அவர் பெயர் சொல்லச் சொல்ல, டாக்டர் மின்சாரம் பாயும் மெல்லிய முனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார். பேச்சு தடைப்படாத இடத்தில் மட்டும் வெட்டினார்.

இரண்டு மணி நேரமாக.

"குடை... சாவி..."

குரல் தேய்ந்துகொண்டே போனது.

"ரொம்பக் களைச்சுட்டார். தூங்க வச்சிடலாம்," என்றார் டாக்டர் வைகுந்தன். "பின்பக்கம் கொஞ்சம்தான் மிச்சம். மேப்ல அங்க ஒண்ணும் இல்லையே, பர்வீன்?"

மயக்க மருந்து கொடுப்பவர் ஊசியை எடுத்தார்.

அவள் வரைந்த மேப்பில் இல்லைதான்.

முந்தாநாள் ஸ்கேன் முடியும் நேரத்தில் மரியதாஸ் இருமினார். தலை அசைந்துவிட்டது. திரும்ப எடுக்கணும் என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குழாய்க்குள் இன்னொரு தரம் முடியாதும்மா என்றார்.

அசைந்ததை நீக்கிவிட்டு, மிஞ்சியதை வைத்து வரைந்தாள். படம் அழகாக வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே இழை இல்லாமல் இருக்கலாம். இருந்தும் படத்தில் விழாமல் போயிருக்கலாம்.

"பர்வீன்?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"இல்லைன்னு சொல்ல முடியாது சார். ஸ்கேன்ல அவர் அசைஞ்சுட்டார். நான் மறுபடி எடுக்கல."



டாக்டர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"தூங்க வைக்காதீங்க," என்றார். முனையைக் கையில் வாங்கினார்.

நர்ஸ் குனிந்தாள். "இன்னும் கொஞ்சம்தான் அண்ணாச்சி. இது என்ன?"

"படகு."

"இது?"

மரியதாஸின் வாய் திறந்தது. கண்கள் படத்தின் மேலேயே இருந்தன. உதடு அசைந்தது.

சொல் வரவில்லை.

டாக்டர் முனையை எடுத்தார்.

"...வலை."

மறுபடி தொட்டார். மறுபடி நின்றது.

சற்று நேரம் டாக்டர் அந்த இடத்தையே பார்த்தார். வெள்ளையாக, எல்லா இடத்தையும் போலத்தான் இருந்தது.

"மூடிடலாம்."

கட்டியின் பின்பகுதி உள்ளேயே இருந்தது.

பர்வீன் வெளியே வந்ததும் மரியதாஸின் மனைவி செலின் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்தாள்.

"அவுக பேசுறாகளாம்மா?"

"பேசுறார். நல்லாப் பேசுறார்."

செலின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அப்ப முழுசா எடுத்தாச்சு."

அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

பர்வீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா," என்றாள்.