முதல் மணியிலேயே

"ரெடிமேட் சாஃப்ட்வேரா? வேணாம்மா," என்றார் பட்டுக்கடை மேனேஜர் பரசுராமன், எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம். விற்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே அவருக்கு அலுத்துவிட்டது.

"புடவைப் புகாருங்களுக்கு டிக்கெட்னு ஒரு நம்பர் போட்டுப் பார்க்க, இங்க கம்ப்யூட்டர் பார்க்கிற எங்க ஜோசுவாவே தனியா ஒண்ணு எழுதி வச்சிருக்கார். அமாவாசைக்கு நெசவாளிங்க தறியில உட்கார மாட்டாங்க. அன்னிக்கு, புகாரைத் தீர்க்கிற கெடு ஓடறதை அதுவே நிறுத்திக்கும். விலைக்கு வாங்கறதுல அது இருக்குதா?"

"இருக்காது சார். ஆனா, அது நின்னுபோனா?"

"ஜோசுவா பார்ப்பார்."

"அவருக்கு முடியலன்னா?"

"படுத்துக்கினே பார்ப்பார்மா. போன வாரம் ஜுரத்துல கூடப் பார்த்தாரே!"

அந்தப் பெண் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வாங்கினதுன்னா, அந்தக் கம்பெனியில நாலு பேரு மாத்தி மாத்திப் பார்ப்பாங்க சார்."

"நாலு பேரு எதுக்கு? இப்பவே பாருங்க, முதல் மணியிலேயே எடுப்பார்."

பரசுராமன் ஜோசுவாவின் எண்ணை அழுத்தினார்.

அவளுடைய கைப்பைக்குள் போன் அடித்தது. அவள் அதை எடுத்து, அணைத்து, மேசைமேல் வைத்தாள்.

"நான் அவர் சம்சாரம் சார். இன்னிக்கு அமாவாசை. தறிங்க எல்லாம் ஓய்வா இருக்குது. அவரும் கொஞ்சம் தூங்கட்டும்னு இதை எடுத்துக்கினு வந்துட்டேன்."