வெளிச்சத்துக்குக் குறுக்கே

“கையுறையைக் கழட்டுன்னு சொன்னேன்” என்றார் மேலாளர்.

மருத்துவமனையின் பதிவு மேசையில் இருந்த தொடுதிரையை இயக்க ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு இடங்களில் பார்த்தவுடனேயே திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு இது ஐந்தாவது.

“எதுக்கு சார்? உறையோடவே இந்தத் திரை நல்லா வேலை செய்யும்.”

“என் போனை உறை போட்டுத் தொட்டா ஒண்ணும் நடக்காது. யார்கிட்ட கதை விடுற?”

“போனுக்கு உடம்புல இருக்கிற மின்சாரம் வேணும் சார். இந்தத் திரை வேற. மேல கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் குறுக்கும் நெடுக்குமா ஓடுது. அது எங்க மறையுதோ அங்க தொட்டதாக் கணக்கு. பேனா மூடியே போதும்.”

“பாடம் நடத்த வந்தியா, வேலை கேட்டு வந்தியா? நாலெழுத்து படிச்சுட்டா வாய் நீண்டுடுமே! மகாராணிக்குக் கை அழுக்காயிடுமோ?”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

“வேலை செய்யுதான்னு மட்டும் பாருங்க சார்.”

“கழட்டினாத்தான் வேலை. இல்லன்னா வாசல் அந்தப் பக்கம்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வலது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். அங்கிருந்த பட்டையை அவிழ்த்து இழுத்தாள். வந்தது உறை மட்டுமல்ல. விரல்கள், மணிக்கட்டு, முன்கை எல்லாம் சேர்ந்து வந்தன. அந்தப் பிளாஸ்டிக் கையை அவர் முன்னால் மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

மேலாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

இடது கையால் அதைத் தூக்கி, அதன் சுட்டுவிரலால் திரையில் ‘அடுத்தவர்’ என்ற பொத்தானைத் தொட்டாள். எண் மாறியது.

“உங்க திரை என்னை எதையும் கழட்டச் சொல்லல சார்.”